பிராக்டிக்கல்ல கோடிங்கே குடுக்கலன்னு கவலப்படுற சுங்கை சிப்புட் அக்காவுக்கு

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். மக பொலிடெக்னிக்ல இருந்து ஈப்போவுக்கு பிராக்டிக்கல் போயி ரெண்டு மாசமா சர்ட்டிபிகேட், கீஸ்டோர்னே சுத்துறா, ப்ரோகிராமே எழுத விடல, வேற கம்பெனி பாக்கவான்னு கேக்குறீங்க. வேணாங்க்கா, அங்கயே இருக்கட்டும்.

அது என்ன வேலன்னா, ஜாவாங்கிற ப்ரோகிராமிங் மொழியில செஞ்ச வெப்சைட்டுக்கும் நம்ம ஐசி (அடையாள அட்டை) மாதிரி ஒரு அடையாளம் வேணும், அதுதான் எஸ்எஸ்எல் சர்ட்டிபிகேட். நம்ம பேர நாமளே அட்டைல எழுதிட்டு போனா பேங்க்ல ஒத்துக்குவாங்களா, ஜேபிஎன், அதான் தேசியப் பதிவுத் துறை, குடுத்ததுன்னாதான் ஒத்துக்குவாங்க, இங்கயும் அப்படித்தான். அந்த சர்ட்டிபிகேட்டையும் அதோட ரகசிய சாவியையும் பூட்டி வைக்கிற பெட்டி கீஸ்டோர், யார் குடுத்தத நம்பலாம்னு இருக்குற லிஸ்ட் டிரஸ்ட்ஸ்டோர். 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்'னு ஒரு எரர் வரும், அந்த சர்ட்டிபிகேட்ட நம்ப வழி கெடைக்கலன்னு அர்த்தம், பல வருஷம் வேல பாத்தவங்களே அதுல ராத்திரி முழுக்க உக்காந்திருக்காங்க, கடைசில பாத்தா நம்ம சர்ட்டிபிகேட்டையும் நம்பிக்கையான மேல்சர்ட்டிபிகேட்டையும் இணைக்கிற, நடுவுல உள்ள இண்டர்மீடியட் சர்ட்டிபிகேட்ட சேக்காம விட்டிருப்பாங்க. இத உங்க மக இப்பவே கையால செஞ்சு படிக்கிறா, கிளாஸ்ல இவ்வளவு ஆழமா யாரும் சொல்லித்தர மாட்டாங்க.

இன்னொரு விஷயம், மோட்டாருக்கு ரோட்டெக்ஸ் மாதிரி இதுக்கும் தேதி முடியும், முடிஞ்சா பிரௌசர் வெப்சைட்ட தொறக்க விடாம எச்சரிக்க காட்டும். முன்ன 398 நாள் வரைக்கும் குடுத்தாங்க, 2026 மார்ச்ல இருந்து 200 நாள், 2027 மார்ச்ல இருந்து 100, 2029 மார்ச்ல இருந்து வெறும் 47 நாள்தான்னு சர்ட்டிபிகேட் குடுக்குறவங்களும் பிரௌசர் கம்பெனிகளும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் கையால மாத்திக்கிட்டு இருக்க முடியாது, தானா புதுப்பிக்கிற மாதிரி செட் பண்ணத் தெரிஞ்ச ஆள் எல்லா கம்பெனிக்கும் வேணும்.

வீட்ல இருக்குற பழைய லேப்டாப்பே போதும், புதுசு வாங்க கடன் வாங்காதீங்க. சர்ட்டிபிகேட், கீஸ்டோர் செய்யிற கீடூல் ஜாவாவோட இலவசமா வருது, ஜாவா வெப்சைட்ட ஓடவிடுற டோம்கேட் சர்வர போட்டு 8443 போர்ட்ல, பழகுறதுக்கு மட்டும், தானே செஞ்ச சர்ட்டிபிகேட்ட ஓடவிட்டு பாக்கட்டும். ஜாவா 9ல இருந்து கீஸ்டோருக்கு பிகேசிஎஸ்12 தான் வழக்கமான வகை, ஆனா பழைய சிஸ்டத்துல இன்னும் ஜேகேஎஸ்ங்கிற பழைய வகை கெடக்கும், ஒன்ன இன்னொன்னா மாத்திப் பழகிக்கட்டும். கீஸ்டோர் ஃபைலையும் பாஸ்வேர்டையும் மட்டும், ப்ரோகிராம்கள போட்டு வைக்கிற கிட்ஹப் வெப்சைட்டுல போட்டுறவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க, சாவி வெளிய போனா அந்த சர்ட்டிபிகேட்டையே ரத்து பண்ணணும்.

வர்ற சனிக்கிழம அவள லாக்புக்கோட கூட்டிட்டு வாங்கக்கா, இந்த ரெண்டு மாச வேலய ரெசுமேல எப்படி எழுதுறதுன்னு உக்காந்து பாப்போம்.