டிப்பருக்கு பைபாஸ் ஆயில் ஃபில்டர்

கேள்வி: கிரஷரில் ஜல்லி ஏற்றும் டிப்பர் வைத்திருக்கிறேன். பைபாஸ் ஆயில் ஃபில்டர் மாட்டினால் பலன் உண்டா? எப்படி மாட்டுவது?
– வாசகர், தக்கலை

பதில்: உண்டு. வண்டியோடு வரும் ஃபில்டர் மொத்த ஆயிலையும் வேகமாக விட வேண்டியிருப்பதால் பொடித் துகள்களைத் தப்பவிடும். பைபாஸ், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆயிலை இழுத்து 2, 3 மைக்ரான் வரை நிதானமாக வடிக்கும். அதற்காகப் பழைய ஃபில்டரைக் கழற்றிவிடாதீர்கள், இரண்டும் வேண்டும்.

பிரஷர் சென்சார் துளையில் ‘டி’ கனெக்டர் போட்டு ஆயில் எடுக்கலாம். மரை சரியாகப் பொருந்தட்டும். மெட்ரிக் துளையில் பைப் மரையை முறுக்கி ஏற்றினால் பிளாக்கே கெடும். டெஃப்லான் டேப்பும் வேண்டாம், பிய்ந்து ஆயிலோடு போகும். ஃபில்டருக்குள் ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) இல்லையென்றால் சுமார் 1.5 மில்லிமீட்டர் துளையுள்ள ஒன்றை ஃபில்டருக்கு ஆயில் வரும் லைனில் போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் ஐடிலில் பிரஷர் விழுந்து பேரிங் போகும். திரும்பும் ஹோஸ் வரும் ஹோஸைவிடப் பெரிதாக, அடைப்பின்றி சம்புக்குள் (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) போகட்டும்.

பெரும்பாலும் காலை வாருவது ஹோஸ்தான். இன்ஜின் ஆடும், சேஸிஸ் ஆடாது. கொஞ்சம் தொய்வு விடாவிட்டால் உரசி வெடித்து, சில நிமிடத்தில் சம்பு காலி. சூட்டையும் ஆயிலையும் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸே வாங்குங்கள், டீசல் டியூப் ஆகாது.

மாட்டியதும் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, நிறுத்தி, டிப்ஸ்டிக் பாருங்கள். ஃபில்டர் குடித்த அளவு ஆயில் ஊற்ற வேண்டும். ஆய்வகத்தில் ஆயிலைச் சோதிக்காமல் ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிரஷர் வண்டி என்பதால் இன்னொன்று: ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால், அதன் வழியே தூசி நேராக இன்ஜினுக்குள் போகும்; முதலில் அதை மாற்றுங்கள்.