பெரிய நூலகம் பக்கத்தில் இல்லாமல் உயிரியல் ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பது எப்படி? ஆய்விதழ் உலகமே மாறிவிட்டதாமே?

ராமநாதபுரம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். எங்கள் நூலகத்தில் இரண்டு அலமாரி, அதில் ஒன்றுக்குச் சாவி இல்லை. ஆகவே என் அனுபவம் உங்களுக்குப் பொருந்தும்.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, அந்தப் பெப்சிப் பாசி பாரெல்லாம் மூடிப்போடுமாம்ல? படிச்ச புள்ளதான, என்ன எழுதிருக்குன்னு பாத்துச் சொல்லு." பார் என்றால் இங்கே பவளப்பாறை. பெப்சி கம்பெனி வணிகமாக வளர்க்க வைத்ததால் கப்பாபைகஸ் என்ற கடல்பாசிக்கு இங்கே அந்தப் பெயர். குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் அது படர்ந்ததை 2008-லேயே கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதியிருந்தார்கள். இலவசமாகவே கிடைத்தது. அதன் பின்னால் வந்த கட்டுரைகளைத் தேடினால், ஒன்றைத் திறக்க டாலரில் காசு கேட்டது. நம் கடலைப் பற்றிப் படிக்க நாம் டாலர் கட்ட வேண்டும்!

தேடும் வழி எளிது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அறிவிப்பு வைத்திருக்கிறேன்; புதுக் கட்டுரை வந்தால் மெயில் வரும். 'கடல் உயிரியல்' என்று வைத்தால் பெட்டி நிரம்பி வழியும்; இனத்தின் அறிவியல் பெயரையும் 'மன்னார் வளைகுடா'வையும் ஆங்கிலத்தில் சேர்த்து வையுங்கள். பழைய கட்டுரைகளுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இணையக் களஞ்சியம் போதும். 1971 வரை அதன் தலைமையகம் மண்டபம் கேம்ப்தான் என்பதால் நம் கரையைப் பற்றி அங்கே குவிந்து கிடக்கிறது.

புதியவை பல முதலில் பயோஆர்க்கைவ் (bioRxiv) என்ற இணையதளத்தில் வருகின்றன. 2013-ல் தொடங்கியது, சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே கட்டுரையைப் போட்டுவிடுவார்கள். அங்கே நான் முடிவுரையைக் கடைசியில்தான் படிப்பேன். எத்தனை மாதிரி, எங்கே எடுத்தார்கள், எந்த மாதம் என்பதுதான் முதலில். வாடைக் காலத்தில் மட்டும் எடுத்துவிட்டு வருஷம் முழுக்கப் பேசுகிறவர்கள் உண்டு. ஈலைஃப் இதழ் 2023 முதல் வேறு மாதிரி: மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரையை ஏற்பு, நிராகரிப்பு என்று சொல்லாமல், மதிப்பீட்டாளர்களின் கருத்தோடு சேர்த்தே வெளியிடுகிறது. ஆதாரம் வலுவா, அரைகுறையா என்று அவர்களே எழுதிவிடுவதால் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனால் படிக்க இலவசம் என்றால் பல இதழ்களில் எழுதுகிறவர் தலையில் கட்டணம் விழுகிறது. இதில் நான் சூடுபட்டவன். முனைவர் பட்டத்துக்கு அவசரமாக ஒரு கட்டுரை தேவைப்பட்டது. 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று ஒரு இதழ் மெயில் அனுப்பியது. நான் அப்போது பேராசிரியரே இல்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆறாயிரம் ரூபாய் கட்டினேன். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டாளர் கருத்து ஒரே வரி: 'நன்று, எழுத்துப்பிழை திருத்தவும்.' அச்சில் வந்தபோது நான் சரியாக எழுதிய இனப்பெயரை அவர்கள் பிழையாக்கியிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் தளமே காணோம்.

2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தது; கல்லூரிகளுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் திட்டம். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரி என்றால் உடனே உங்கள் நூலகரிடம் கேளுங்கள். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான்; என்னைப் போன்றவர்கள் வாசலில்தான் நிற்கிறோம்.

எனக்கு மிச்சமிருப்பது பழைய வழி: கட்டுரை எழுதியவருக்கே மெயில் போடுவது. யார், எதற்குக் கேட்கிறேன் என்று நாலு வரி. பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். அக்காவுக்காகத் தேடிய அந்த டாலர் கட்டுரையும் அப்படித்தான் இரண்டே நாளில் வந்தது. கீழே ஒரு கேள்வியும் இருந்தது: "பாம்பன் பக்கமா நீங்கள்? இந்த வருஷம் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா?"