சிங்கப்பூரில் இணையத் தொழில் தொடங்க நினைப்போருக்கு: கேள்வி பதில்

இங்கே இரண்டு இணையத் தொழில்களை நடத்தியவன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதிலைத் தருகிறேன்.

கேள்வி (ஈசூன் வட்டாரம், இல்லத்தரசி): ஐயா, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என்னைப் போன்றவர்களை ஒன்றுசேர்த்து ஓர் இணையத்தளம் தொடங்கினால் எடுபடுமா?

பதில்: எடுபடும் அம்மா, ஆனால் தீவு முழுவதற்கும் என்று தொடங்காதீர்கள். ஒரு பொட்டல மாவை ஒரே ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி பெரும்பாலும் மாவின் விலையையே விழுங்கிவிடும். நம் ஊர் வெப்பத்தில் மாவு வழியிலேயே பொங்கிப் புளித்தும் போகும். இங்கு வசிப்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்வதால், அருகருகே உள்ள சில புளோக்குகளின் குடும்பங்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லிவைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் உங்கள் வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடே நிலைக்கும். எத்தனை கிலோ அரிசி ஊறப்போட வேண்டும் என்பதை முந்தைய நாளே உங்களுக்குச் சொல்லிவிடும் தளம்தான் உண்மையில் உதவும் தளம். பணத்தைப் பேநவ் (கைப்பேசி எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் சேவை) வழியாகப் பெறலாம். வீட்டிலிருந்து நடத்தும் சிறுதொழிலை வீவக அனுமதிக்கிறது. ஆனால் வெளியாட்களை வேலைக்கு வைப்பதும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதும் கூடாது. உணவின் தூய்மைக்கு நீங்களே பொறுப்பு.

கேள்வி (லிட்டில் இந்தியா, மளிகைக் கடைக்காரரின் மகன்): அப்பாவின் கடையை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடலாமா?

பதில்: அப்படியே ஏற்றாதீர்கள், தம்பி. முன்பு நான் ஒரு கடைக்கு அவ்வாறு செய்துகொடுத்தேன். காலையில் வந்திறங்கிய முருங்கைக்காய் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். தளமோ மாலைவரை "உண்டு" என்றே காட்டிக்கொண்டிருக்கும். கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு விற்பனைக்கும் தளத்தைத் திருத்துவார் என்று நான் நம்பியது என் தவறு. அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற கெடாத பொருள்களை மாதச் சாமானாக மட்டும் விற்றுப் பாருங்கள்.

கேள்வி (செங்காங், ஆசிரியை): தமிழ்த் துணைப்பாட ஆசிரியர்களையும் பெற்றோரையும் இணைக்கும் தளம் பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில்: தேவை மெய்யானதே. ஆனால் முதல் வகுப்பு முடிந்ததும் இரு தரப்பும் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்வார்கள். தரகுக் கட்டணம் அத்துடன் நின்றுபோகும். எனவே அறிமுகத்துக்குக் கட்டணம் வாங்காமல், வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி, கால அட்டவணை, முன்னேற்றக் குறிப்பு ஆகியவற்றுக்கு மாதச் சந்தா வாங்குங்கள். பத்து மாணவர்களோ அதற்கு மேலோ சேர்த்து நீங்களே வகுப்பு நடத்தினால் கல்வி அமைச்சில் பதிய வேண்டும். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். சட்டம் கோராத இடங்களில் நிறுவனங்கள் அதைச் சேகரிக்க 2019 செப்டம்பர் முதல் தடை உள்ளது.

கேள்வி (கட்டுமானத் துறை மேற்பார்வையாளர்): ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு செயலி தொடங்கலாமா, அண்ணா?

பதில்: பணத்தைக் கையில் வாங்கி அனுப்புவதற்கு, 2019ஆம் ஆண்டின் கட்டணச் சேவைகள் சட்டப்படி சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். பணத்தைத் தொடாமல், பணம் அனுப்பும் எந்த இடத்தில் அன்று ஒரு வெள்ளிக்கு எவ்வளவு ஊர்ப் பணம் கிடைக்கும் என்பதைத் தமிழிலும் வங்காள மொழியிலும் ஒப்பிட்டுக் காட்டினாலே பேருதவி.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி): முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: தனியார் நிறுவனமாகப் பதிய 315 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒருவரே உரிமையாளராக நடத்தும் தனியுரிமைத் தொழிலாக ஓராண்டுக்குப் பதிய 115 வெள்ளி. நிறுவனம் என்றால், ஆறு மாதத்துக்குள் செயலாளரையும் நியமிக்க வேண்டும். அடையாள அட்டையிலுள்ள உங்கள் முழுப்பெயரிலேயே தனியாகத் தொழில் செய்தால் பதிவே தேவையில்லை. ஆகவே ஒரு வாட்ஸ்அப் குழுவையும் ஒரு கணக்கேட்டையும் வைத்துக்கொண்டு, முதல் முப்பது வாடிக்கையாளர்களுக்குக் கையாலேயே சேவை செய்யுங்கள். அவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் மாதமும் பணம் தருகிறார்கள் என்று பார்த்த பிறகு, தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவுக்குப் போகலாம்.