பின்னாலேயே போனால் காதல் வந்துவிடுமா?

மேடம், நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. டியூஷன் முடிந்து வந்தால் பாட்டியோடு சீரியல். ஞாயிறானால் வரிசையாகப் படங்கள். போன வாரம் நண்பனிடம் போனில், "அவ முறைக்கிறான்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்டா, விடாம பின்னாடியே போ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் அவன் அப்பா. டிவிதான் கெடுக்கிறதா?
- ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

இது உங்கள் காதில் விழுந்ததே நல்லது. கெட்ட எண்ணத்தில் அவன் அப்படிச் சொன்னதாக எனக்குப் படவில்லை. நாயகி முறைப்பாள், திட்டுவாள். நாயகன் பஸ் ஸ்டாப்பில் தவம் கிடப்பான். அடுத்த பாட்டில் அவள் சிரித்துவிடுவாள். வருடக்கணக்கில் இதையே பார்த்த பையனுக்கு, பெண்ணின் மறுப்பு மறுப்பாகவே தெரியாது. அவள் பயந்துபோய் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவதை அபூர்வமாகத்தான் காட்டுகிறார்கள்.

டிவி மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். 12 முதல் 17 வயதுவரை உள்ள 1,792 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. பாலியல் காட்சிகளை அதிகம் பார்த்தவர்கள் அடுத்த ஓராண்டில் உடலுறவில் இறங்குவது அதிகம் என்றது. வேறொரு ஆய்வின் தரவுகளை 2011-ல் மறுபடி அலசியவர்களோ, ஏற்கெனவே அந்த நாட்டம் உள்ள பிள்ளைகள்தான் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள் என்றார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 2003-ல் வந்த இன்னொன்று: 'ஃபிரண்ட்ஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரில் ஆணுறை பற்றி வந்த எபிசோடைப் பார்த்துப் பெரியவர்களோடு பேசிய பிள்ளைகளுக்கு விஷயம் நன்றாகப் பதிந்திருந்தது.

அதனால் கேபிள் இருக்கட்டும். எடுத்தாலும் கையில் போன் இருக்கிறதே. அவன் அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அப்படியொரு காட்சி வரும்போது, "அந்தப் பொண்ணு இப்ப என்ன நினைச்சிருப்பா?" என்று மட்டும் கேட்கட்டும். பதில் வர நேரமாகும், பொறுங்கள். அம்மா கேட்பதைவிட இதை அப்பா கேட்டால் பையன்களுக்கு உறைக்கும்.

விருப்பமில்லை என்று காட்டிய பெண்ணை விடாமல் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-ஆவது பிரிவின்படி குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் சொல்லுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் வேண்டாம், மிரட்டுவதாக நினைத்து வாயை மூடிக்கொள்வான்.

அப்புறம், அந்த நண்பன் நிஜமாகவே யார் பின்னாலாவது போகிறானா என்று இன்றே விசாரியுங்கள். ஆமென்றால் டியூஷன் ஆசிரியரிடமும் அவன் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம்.