"தெரியலைங்க"ன்னு சொல்லலாமா? வான்பார்வை ராத்திரி கேள்வி-பதில்

அமெச்சூர் வானியல் கிளப்காரங்க அவங்க அப்சர்வேட்டரில பொதுமக்களைக் கூப்பிட்டு நட்சத்திரம் காட்டற ராத்திரி பத்தி போன இதழ்ல நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. ஒரே மாதிரி கேட்டதை எல்லாம் சேர்த்துட்டேன், பேர் போடல, கோச்சுக்காதீங்க.

கேள்வி: குடும்பத்தோட போனோம், முக்கால் மணி நேரம் க்யூல நின்னோம். ஓரியன் நெபுலானு சொல்லி ஏதோ சாம்பல் கலர்ல ஊதிவிட்ட புகை மாதிரி காட்டினாங்க. படத்துல எல்லாம் ரோஸ், ஊதானு அள்ளுதே! டெலஸ்கோப் மட்டமா, இல்ல எங்களை ஏமாத்தறாங்களா?

ரெண்டுமே இல்லீங்க, நீங்க பார்த்ததுதான் நிஜம். நெபுலான்னா விண்வெளில இருக்கற வாயு, தூசி மேகம். நம்ம கண்ணுக்குள்ள கூம்பு செல்னு ஒண்ணு, குச்சி செல்னு ஒண்ணு இருக்கு. கலர் பார்க்கறது கூம்பு, ஆனா அதுக்கு நல்ல வெளிச்சம் வேணும், மங்கலான வெளிச்சத்துல அது படுத்துடும். இருட்டுல வேலை பார்க்கறது குச்சி, அதுக்கு கலரே தெரியாது. அதான் சாம்பல். கேமரா ஷட்டரைத் திறந்து வெச்சு நிமிஷக் கணக்கா, சில சமயம் மணிக் கணக்கா வெளிச்சத்தைச் சேர்த்துக்கிட்டே இருக்கும், நம்ம கண்ணுக்கு அப்படி சேர்த்து வெக்கிற வசதி கிடையாது, அவ்ளோதான் வித்தியாசம்.

அடுத்த தடவை போனா ஒண்ணு பண்ணுங்க. அந்தப் புகையையே நேரா முறைச்சுப் பார்க்காம, பார்வையைக் கொஞ்சம் ஓரமா தள்ளி பக்கத்துல இருக்கற வெத்து இடத்தைப் பார்க்கற மாதிரி பாருங்க. கண்ணோட நட்டநடுவுல குச்சி செல் கிடையாது, ஓரத்துலதான் நெருக்கமா இருக்கு, அதனால ஓரப் பார்வைல அந்தப் புகை திடீர்னு விரியும், ரெக்கை மாதிரி ரெண்டு பக்கம் நீளும். நடுவுல சரிவகம் மாதிரி நாலு குட்டி நட்சத்திரம் இருக்கும், அதைத் தேடுங்க. அது கிட்டத்தட்ட 1,300 ஒளியாண்டு தூரம், நீங்க பார்க்கற வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி அத்தனை வருஷம் ஆச்சு. கலர்தான் வேணும்னா நெபுலா கேக்காதீங்க, நட்சத்திரம் காட்டச் சொல்லுங்க, திருவாதிரை ஆரஞ்சா இருக்கும், அதே ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல கீழ ரைஜல் நீலவெள்ளையா இருக்கும். அல்பிரியோனு ஒரு ஜோடி இருக்கு, ஒண்ணு பொன் கலர், ஒண்ணு நீலம், அதைப் பார்த்துட்டு யாரும் இதுவரைக்கும் என்கிட்ட ஏமாத்தறீங்கனு சொன்னதில்ல.

கேள்வி: மணி பார்க்க போனை எடுத்தேன், நாலு பேர் ஒண்ணா "லைட்! லைட்!"னு கத்திட்டாங்க. அசிங்கமா போச்சு. இவ்ளோ ஓவரா நடந்துக்கணுமா?

கத்தினது தப்புதான், ஒத்துக்கறேன், மெதுவா சொல்லியிருக்கலாம். ஆனா அவங்க பக்கமும் பாருங்க. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20லேர்ந்து 30 நிமிஷம் ஆகும். கண் பாப்பா விரியறது சட்டுனு நடந்துடும், ஆனா குச்சி செல்லுக்குள்ள இருக்கற ரொடாப்சின்ங்கற நிறமி வெளிச்சம் பட்டா சிதைஞ்சுடும், திரும்ப ஊற அவ்ளோ நேரம் பிடிக்கும். அப்ப நீங்க போனைத் திறந்த அந்த ரெண்டு செகண்ட்ல, சுத்தி நின்னவங்க அரை மணி நேரமா சேர்த்து வெச்சது காலி. கிளப்ல எல்லாரும் சிவப்பு டார்ச் வெச்சிருக்கறது ஸ்டைலுக்கு இல்ல, குச்சி செல்லுக்கு சிவப்பு அவ்வளவா உறைக்காது, அதுக்குத்தான். டார்ச் மேல சிவப்பு கண்ணாடிக் காகிதம் ரெண்டு மடிப்பு சுத்தி ரப்பர் பேண்ட் போட்டாலே போதும். போன் வேணும்னா ஒதுங்கிப் போய் சட்டைக்குள்ள வெச்சுப் பாருங்க.

கேள்வி: எட்டிப் பார்த்தேன், ஒண்ணுமே தெரியல. முன்னாடி பார்த்தவங்க எல்லாம் "சூப்பர், சூப்பர்"னாங்க. நானும் "ஆமா சூப்பர்"னு சொல்லிட்டு வந்துட்டேன். என் கண்ணுலதான் கோளாறா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுக்கக் குடுக்கலாம்.

ஒரு கதை சொல்றேன். ஒருநாள் சனி கிரகம் காட்டிட்டு இருந்தேன், பெரிய க்யூ. பக்கத்துல ஒருத்தர் ஏதோ கேட்டாரு, நானும் பேச்சு சுவாரசியத்துல டெலஸ்கோப்பை மறந்துட்டேன். ஒவ்வொருத்தரா குனியறாங்க, "ஆஹா"ங்கறாங்க, போறாங்க. கடைசில ஒரு சின்னப் பொண்ணு, ஏழெட்டு வயசு இருக்கும், குனிஞ்சு பார்த்துட்டு நிமிர்ந்து "மாமா, கறுப்பாத்தான் இருக்கு"ன்னா. எட்டிப் பார்த்தா சனி எப்பவோ நகர்ந்து வெளிய போயிடுச்சு, வெறும் வானம். அதுக்கு முன்னாடி பார்த்த ஏழெட்டு பேரும் என்னத்தைப் பார்த்து ஆஹான்னாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. வெக்கமாப் போச்சு, தப்பு என் மேலதான்.

ஏன் நகருதுன்னா, பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது. மோட்டார் இல்லாத டாப்சோனியன் டெலஸ்கோப்ல, 1,200 மில்லிமீட்டர் குவிய தூரம்னு வெச்சுக்குங்க, 10 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண்ணை வெச்சுப் பார்க்கற லென்ஸ்) போட்டா, 1,200ஐ 10ஆல வகுத்து, 120 மடங்கு. அந்த மடங்குல சாதாரண ஐபீஸ்ல தெரியற வானத்துத் துண்டு அரை டிகிரி கூட இருக்காது, அதனால கிரகம் நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போக சுமாரா ஒரு நிமிஷம்தான். உங்களுக்கு முன்னாடி நின்னவர் ரசிச்சு ரசிச்சுப் பார்த்திருந்தா உங்க டர்ன்ல ஒண்ணுமே இருக்காது. (இந்த டாப்சோனியன் டிசைன் ஜான் டாப்சன் பேர்ல வந்தது, அமெரிக்காவுல வேதாந்த மடத்துல துறவியா இருந்தவர், மடத்தை விட்டு வந்தப்புறம் 1968ல சேக்காளிங்களோட சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதைல டெலஸ்கோப்பை வெச்சு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் காட்ட ஆரம்பிச்சாரு. நாங்க இன்னிக்கு பண்றது எல்லாம் அவர் போட்ட ரோடுதான்.)

இன்னும் ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, கண்ணை ஐபீஸ்ல ரொம்ப ஒட்டிட்டா இல்ல ரொம்ப விலக்கிட்டா கறுப்பாத்தான் தெரியும், மெல்ல முன்ன பின்ன நகர்த்தி அந்த வெளிச்ச வட்டம் முழுசா வர்ற இடத்தைப் பிடிக்கணும். ரெண்டு, உங்க பார்வைக்கு ஃபோகஸ் வேற. கிட்டப் பார்வை, தூரப் பார்வை மட்டும்னா கண்ணாடியைக் கழட்டிட்டு ஃபோகஸ் குமிழைத் திருப்பச் சொல்லுங்க, சிலிண்டர் பவர் இருந்தா கண்ணாடியோடவே பாருங்க. எப்படி இருந்தாலும் தெரியலன்னா "தெரியலைங்க"னு சத்தமா சொல்லுங்க, எங்களுக்கு அது உபகாரம். அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் யாரையும் "தெரியுதா"ன்னு கேக்கறதே இல்ல, "வியாழன் பக்கத்துல எத்தனை புள்ளி இருக்கு, எந்தப் பக்கம் எத்தனை"ன்னுதான் கேப்பேன். கலிலியோ 1610 ஜனவரில எண்ணின அதே நாலு நிலாதான், சில நாள் ஒண்ணு பின்னாடி ஒளிஞ்சுக்கும், அப்ப மூணுன்னு சொன்னவர்தான் ஒழுங்கா பார்த்தவர்.

கேள்வி: பௌர்ணமி அன்னிக்கு ஏன் நிகழ்ச்சி வெக்கறதில்ல? நிலா நல்லா தெரியுமே?

தெரியும், தட்டு மாதிரி. சூரிய வெளிச்சம் நேரா விழறதால நிழலே இருக்காது, குழி மேடு எதுவும் எடுபடாது, வானம் வேற வெளுத்துப் போயி மத்தது எல்லாம் மறைஞ்சுடும். வளர்பிறைல பாதி நிலா இருக்கறப்ப வாங்க. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கற கோடு இருக்கே, அங்க ஒவ்வொரு குழியோட விளிம்பும் நிழல் போட்டு நிக்கும், சில மலை உச்சி மட்டும் இருட்டுக்குள்ள தனியா ஒரு புள்ளியா மின்னும். ஒரு மணி நேரம் கழிச்சு அதே இடத்தைப் பார்த்தா அந்தப் புள்ளி கொஞ்சம் வளர்ந்திருக்கும். அங்க விடியுது, நாம பார்த்துட்டு நிக்கறோம்! நெபுலா, காலக்ஸிதான் வேணும்னா அமாவாசையை ஒட்டி வாங்க.

கேள்வி: சனி வளையம் ஒரு கோடு மாதிரிதான் இருந்துச்சு. படத்துல அகலமா இருக்கே?

நீங்க பார்த்த வருஷம் அப்படி. சனி சூரியனைச் சுத்த ஏறக்குறைய 29 வருஷம் ஆறு மாசம் ஆகுது, அதோட அச்சு சுமார் 27 டிகிரி சாய்ஞ்சிருக்கு, அதனால சுத்துக்கு ரெண்டு தடவை, அதாவது 15 வருஷத்துக்கு ஒரு தரம் மாதிரி, வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிக்கும். 2025 மார்ச்ல அப்படித்தான் ஆச்சு. இனிமே வருஷா வருஷம் விரியும், 2032 வாக்குல நல்லா அகலமா இருக்கும்.

கேள்வி: ஆறு வயசுப் பையனைக் கூட்டிட்டு வரலாமா?

தாராளமா. ஏறி நிக்க ஸ்டூல் இருக்கான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்குங்க. தூக்கிப் பிடிச்சா பையன் ஆடுவான், பேலன்ஸுக்கு டெலஸ்கோப்பைப் பிடிப்பான், சனி போயிடும். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு பார்க்கச் சொல்லிப் பழக்குங்க, பெரியவங்களுக்கும் அது நல்லது.

கேள்வி: ஒரு தடவை பார்த்ததுலயே ஆசை வந்துடுச்சு. 500 மடங்கு காட்டும்னு விளம்பரம் போட்ட சின்ன டெலஸ்கோப் வாங்கலாமா?

வேண்டாம். மடங்கு ஐபீஸ் மாத்தினா யாரு வேணா ஏத்தலாம், அதுல பெருமை இல்ல. முன்கண்ணாடியோட விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு பங்கு, அதுதான் உபயோகமான உச்சம், 60 மில்லிமீட்டர்னா 120. அதுக்கு மேல போனா பெரிய சைஸ் மங்கல்தான் கிடைக்கும், காத்து ஆடற ராத்திரில அந்த 120ம் வராது. முதல்ல கிளப்புக்கு இன்னும் மூணு நாலு ராத்திரி வந்து எல்லாரோடதையும் எட்டிப் பாருங்க, யாரும் தடுக்க மாட்டாங்க, சொல்லப்போனா விட மாட்டாங்க. வீட்டுக்கு 10x50 (10 மடங்கு, 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) பைனாகுலர் ஒண்ணு போதும், கார்த்திகைக் கூட்டத்தை அதுல பார்க்கற அழகு பெரிய டெலஸ்கோப்ல வராது, அதுல கூட்டம் ஒரே பார்வைக்குள்ள அடங்காது.

கேள்வி: டோமுக்குள்ள குளிருமா? எத்தனை மணிக்கு வரணும்?

குளிரும். டோமை, அதான் டெலஸ்கோப் இருக்கற அரைக்கோளக் கூரையை, திறந்து முன்கூட்டியே ஆற விட்டுடுவோம், உள்ள சூடு இருந்தா வெளிய போற காத்து கானல் மாதிரி ஆடி பிம்பத்தைக் கெடுக்கும், அதனால ஹீட்டர் பேச்சே கிடையாது. நிக்கறதுதான் வேலைங்கறதால நடக்கறப்ப தேவைப்படறதை விட ஒரு துணி கூடுதலா எடுத்துட்டு வாங்க. இருட்டறதுக்கு முன்னாடியே வந்துடுங்க, வண்டியை வெளிய போற வாக்குல நிறுத்துங்க, ரிவர்ஸ் லைட் எரியாம கிளம்பலாம். கிளம்பறப்ப ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி "வண்டி எடுக்கறோம்"னு ஒரு குரல் குடுங்க, மூலைல போட்டோ எடுத்துட்டு உக்காந்திருக்கறவர் ஷட்டரை மூடிக்குவாரு.