தனி ஆட்டத்துக்கு எதற்குக் குழு?

கேள்வி: நம்ம ஏரியாப் பெண் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது உங்கள் இதழில் ஒரே ஒரு பக்கம். ஆசிய விளையாட்டில் ஆண்கள் டென்னிஸ் குழுப் போட்டியை எடுத்துவிட்டார்கள் என்று போன இதழில் நாலு பக்கத்துக்கு ஒப்பாரி. தனி ஆளாக நின்று ஆடுகிற ஆட்டத்துக்குக் குழு எதற்கு? பெரிய ஆட்டக்காரர் கழுத்தில் இன்னொரு பதக்கத்தையும் சேர்த்து மாட்டுகிற ஏற்பாடுதானே அது? ஒழிந்தது நல்லதுதான். அது கிடக்கட்டும், வடசென்னைக்கும் டென்னிசுக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். நாலு பக்கம் இல்லை ஐயா, இரண்டரைப் பக்கம். மிச்சம் ஒன்றரைப் பக்கம் நகைக்கடை விளம்பரம். அதுவும் உங்களுக்கு ஒப்பாரியாகத் தெரிந்திருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறேன்.

காசிமாவிலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள்தானே எடுத்துக் கொடுத்தீர்கள். 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் அவர் வாங்கிய மூன்று தங்கத்தில் ஒன்று ஒற்றையர். இன்னொன்று இரட்டையர். மூன்றாவது எது என்று பார்த்தீர்களா? குழுப் போட்டி. கேரமும் தனி ஆளாக உட்கார்ந்து சுண்டுகிற ஆட்டம்தானே? உங்கள் நியாயப்படி அந்த மூன்றாவது தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். சொல்வீர்களா? வண்ணாரப்பேட்டைப் பக்கம் அப்படிச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, டென்னிசுக்கு வருகிறேன். இந்தக் குழுப் போட்டி இருந்தவரை, இரண்டு நாடுகள் மோதினால் மூன்று ஆட்டம். இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். மூன்றில் இரண்டை ஜெயித்த நாடு மேலே போகும். அவ்வளவுதான். ராயபுரத்தில் கேரம் கிளப் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிளப்புக்கும் கிளப்புக்கும் மேட்ச் போட்டால் எங்கள் காலத்தில் இதே கணக்குதான்: ரெண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ், தோற்றவன் பிரியாணி.

எண்பதுகளின் கடைசியில் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கிளப். தகரக் குடை போட்ட பல்பு ஒன்று போர்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கும். எங்கள் டீமில் இரண்டு பேர் பெரிய கை. மூன்றாவது ஆள் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். வேலை முடிந்து வரும்போது விரல் மரத்துப் போயிருக்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு பண்ணிக்கொண்டுதான் ஸ்ட்ரைக்கரைத் தொடுவான். பாதி நாள் அவனுக்கு போர்டில் பவுடர் போடுகிற வேலைதான். ஒருமுறை காசிமேட்டு டீமோடு மேட்ச். முதல் பெரிய கை தோற்றுவிட்டான். இரண்டாவது பெரிய கை ஜெயித்தான். ஒன்றுக்கு ஒன்று. டபுள்ஸில் எதிரே உட்கார இவனை விட்டால் வேறு ஆள் இல்லை. கடைசி போர்டு. எங்களுக்கு மிச்சம் ஒரு காய். எதிராளி ரெட்டைப் போட்டுவிட்டு, அதற்கு அடுத்து உடனே போட வேண்டிய ஃபாலோ காயைத் தவறவிட்டார். ரெட் நடுவுக்குத் திரும்பி வந்தது. அடுத்த கை இவன் கை. ஒரு வார்த்தை பேசாமல் ரெட்டை இறக்கி, மிச்சமிருந்த காயை ஃபாலோவாகப் போட்டுவிட்டு, எழுந்து போய் ஆறிப்போன டீயைக் குடித்தான். பிரியாணியில் அன்றைக்கு லெக் பீஸ் அவனுக்கு.

குழுப் போட்டி எதற்கு என்று கேட்டீர்களே, இவனை உட்கார வைக்கத்தான்.

டென்னிசில் இதற்குச் சாட்சி வேண்டுமா? 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா மொத்தமாக வாங்கிய தங்கம் நாலே நாலு. துப்பாக்கிச் சுடுதலில் ஜஸ்பால் ராணா ஒன்று, கபடி ஒன்று. மிச்சம் இரண்டும் டென்னிஸ்: ஆண்கள் இரட்டையர் ஒன்று, ஆண்கள் குழு ஒன்று. அதாவது நாட்டின் தங்கத்தில் கால் பங்கு, நீங்கள் ஒழியட்டும் என்கிற போட்டியில் வந்தது. லியாண்டர் பயஸ் பெயர் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று ஆடிய கௌரவ் நாடேகர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த விளையாட்டில் ஒற்றையரில் பயஸ் வாங்கியது வெண்கலம்தான். தனி ஆளாகப் போனபோது வெண்கலம், ஆள் சேர்த்துக்கொண்டு போனபோது இரண்டு தங்கம். ‘பெரிய ஆட்டக்காரருக்கு ஏற்பாடு’ என்ற உங்கள் கட்சிக்கு இதைவிட மோசமான சாட்சி கிடைக்காது.

இன்னும் பழைய சாட்சி ஒன்று. இது ஆசிய விளையாட்டு இல்லை, நாடுகள் குழுவாக மோதுகிற டேவிஸ் கோப்பை. அதில் அப்போது ஐந்து ஆட்டம். 1966 இறுதியில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் நாம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்று எங்கே வந்தது? இரட்டையரில். நம்ம ஊர் ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியைச் சாய்த்தார்கள்.

உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒற்றையர் ஆடியவரே இரட்டையரிலும் இறங்கலாம் என்பதால், பலமான ஒருவர் மூன்றில் இரண்டு ஆட்டத்தில் கைவைக்க முடியும். அது உண்மை. ஆனால் இரட்டையரில் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சொதப்பினால், பின்னால் நிற்கிறவர் எவ்வளவு பெரிய கையாக இருந்தும் பிரயோசனமில்லை. இன்னொரு உண்மையையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதுதான். 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் குழுப் போட்டி இருந்தது. சோம்தேவ், பயஸ், போபண்ணா மூவரும் போகவில்லை. தரவரிசைப் புள்ளிக்காக வெளிநாட்டுத் தொடர்களுக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் குழுவில் பதக்கம் வரவில்லை. நாட்டுக்காக ஆடுவதைவிடப் புள்ளிதான் முக்கியமா என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆனால் அந்த ஊரிலேயே பாருங்கள். பெரிய கைகள் வராததால் போனவர்கள் யூகி பாம்ப்ரி, சாகேத் மைனேனி, சனம் சிங், திவிஜ் சரண். நாலு பேரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. சாகேத், சானியா மிர்சாவோடு கலப்பு இரட்டையரில் தங்கம், சனமோடு இரட்டையரில் வெள்ளி. அதே சாகேத்துதான் ஒன்பது வருஷம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம்ம சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதனோடு சேர்ந்து வெள்ளி வாங்கினார்.

2018-ல் ஜகார்த்தா, பாலெம்பாங் ஆசிய விளையாட்டில் ஏழாக இருந்த டென்னிஸ் தங்கத்தை ஐந்தாக்கினார்கள். போனது ஆண்கள் குழுவும் பெண்கள் குழுவும். பெண்கள் குழுவைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, போன இதழில் நானும் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. இப்போது ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு இரண்டு இடம்தான். நாட்டில் மூன்றாவதாக, நாலாவதாக இருக்கிற பையன் ஜோடி கிடைத்து இரட்டையரில் நுழைந்தால் உண்டு, இல்லையென்றால் டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

வடசென்னைக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு நேரான பதில்: இன்றைய தேதியில் பெரிதாக எதுவும் இல்லை. ராக்கெட் விலையும் நரம்பு மாற்றுகிற செலவும் தெரிந்த எந்த அப்பாவும் பையனை கேரம் போர்டு பக்கமோ, வியாசர்பாடியில் ஃபுட்பால் மைதானத்துப் பக்கமோதான் தள்ளிவிடுவார். உங்கள் கோபம் அங்கிருந்து வருகிறது என்றால் நானும் உங்கள் கட்சிதான். அதற்கு நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தைத் திட்டலாம், கார்ப்பரேஷனைத் திட்டலாம், என்னையும் திட்டலாம். குழுப் போட்டி என்ன பாவம் பண்ணியது?

கடைசியாக, அந்த ஒரு பக்கம். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. நாங்கள் செய்த தப்பு நீங்கள் சொன்னதைவிடப் பெரியது. காசிமாவோடு அந்தப் போட்டிக்குப் போய்ப் பதக்கம் வாங்கி வந்தவர்கள் மித்ராவும் நாகஜோதியும். அரசாங்கம் காசிமாவுக்கு ஒரு கோடி கொடுத்தபோது அவர்கள் இருவருக்கும் தலா 50 லட்சம் கொடுத்தது. எங்களுக்கு வந்த படத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். பக்கத்தில் இடம் போதவில்லை என்று இரண்டு ஓரத்தையும் வெட்டியது நான்தான். இத்தனை மாதத்தில் அதைக் கேட்டு ஒரு கடிதம் வரவில்லை, உங்களுடையது உட்பட. வெட்டாத படம் அடுத்த இதழில், முழுப் பக்கத்துக்கு.