வெறும் பரோட்டாவும் சிப்ஸும் மட்டும் தின்கிற பையன், ஈறில் ரத்தம்

அக்கா, 14 வயதுப் பையன் மூன்று வருடமாகச் சால்னா தொடாத பரோட்டா, சிப்ஸ், வெள்ளைச் சோறு தவிர எதையும் வாயில் வைப்பதில்லை, இப்போது கால் வலி, பல் தேய்த்தால் ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வைட்டமின் சி குறைந்தால் வருகிற ஸ்கர்வி இப்படித்தான் இருக்கும். கெண்டைக்காலை வெளிச்சத்தில் பாருங்கள், மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாளைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவன் சாப்பிடுவதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என் தங்கை மகளும் இப்படித்தான் இருந்தாள், என்ன சாப்பிடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை, ஆறு மாதம் வீணாகப் போச்சு. ஈறில் ரத்தத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், ரத்த அணுக்களோடு பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் பார்க்கட்டும். 2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சிப்ஸும் வெள்ளை ரொட்டியுமாக வளர்ந்த பையனுக்கு 17 வயதில் நிரந்தரமாகப் பார்வை பாதித்ததை டாக்டர்கள் எழுதினார்கள், எடை என்னவோ சரியாகத்தான் இருந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை கடையில் நீங்களாகச் சத்து மாத்திரை வாங்க வேண்டாம், பி12 குறைவிருக்கும்போது போலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம், அடித்து ஊட்டாதீர்கள். இது அடம் இல்லை, பயம். பரோட்டாத் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கொய்யாத் துண்டு, ஒன்றும் சொல்லாமல், தினமும் வையுங்கள். தங்கை மகள் பன்னிரண்டாவது நாள்தான் அதை மோந்து பார்த்தாள்.